58 அடி மரப்படகில் 130 பேர் ஏறியது எப்படி?

கேள்வி இது: டைட்டானிக் கப்பலில் அதிகாரியாக இருந்த ஒருவர், 1940-இல் பிரான்ஸின் டன்கிர்க் துறைமுகத்தில் ஜெர்மன் படையிடம் சிக்கியிருந்த வீரர்களை மீட்கத் தன் சொந்த மரப்படகை ஓட்டிக்கொண்டு போய் 130 பேரோடு திரும்பினார் என்கிறார்கள். 58 அடிப் படகில் அத்தனை பேர் ஏற முடியுமா? அந்தப் படகு அதற்கு முன் யாருடையது, பின்னால் யார் கையில் இருந்தது, இப்போது இருக்கிறதா?

நடந்தது உண்மை. படகும் இருக்கிறது. பெயர் சன்டவுனர். ஓட்டிப் போனவர் சார்லஸ் லைட்டோலர். 130 என்ற எண்ணிக்கையைப் பற்றி மட்டும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அது படகில் இருந்த மொத்தத் தலைகளின் கணக்கு. லைட்டோலர் பின்னர் எழுதிய விவரத்தில், சன்டவுனரின் ஆட்கள் மூவரையும், வழியில் வேறொரு படகிலிருந்து மீட்ட ஐவரையும் சேர்த்துத்தான் 130 என்கிறார். அந்த எட்டுப் பேரைக் கழித்தால் டன்கிர்க்கில் ஏறியவர்கள் 122 பேர். சில இடங்களில் 127 என்று பார்த்திருப்பீர்கள். யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. எப்படி எண்ணினாலும் அதற்கு முன் அந்தப் படகு சுமந்த அதிகபட்சக் கூட்டம் 21 பேர்தான்.

எப்படி முடிந்தது என்று புரிய வேண்டுமானால், படகு என்ன படகு, அதை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சன்டவுனர் பொழுதுபோக்குக்காகக் கட்டப்பட்டதல்ல. 1912-இல் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டிய நீராவிப் படகு அது. துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் போர்க்கப்பலுக்கும் கரைக்கும் இடையே அதிகாரிகள், மாலுமிகள், தபால், சாமான் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலைக்கு இப்படிப்பட்ட படகுகளை வைத்திருந்தார்கள். அப்போது நீளம் 52 அடி, அகலம் 12 அடி. நாள் முழுக்க கப்பலின் இரும்புப் பக்கத்தில் உரசி நிற்க வேண்டிய படகு என்பதால் மரவேலையில் சிக்கனம் பார்க்க மாட்டார்கள். நடுவில் கொதிகலனும் எஞ்சினும் உட்காரும். அவை பெரிய எடை, அந்த எடையைத் தாங்கும்படிதான் அடிமரமும் வங்குகளும் (விலா எலும்புபோல உடலைத் தாங்கும் மரங்கள்) அமைந்திருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிகலனைக் கழற்றிவிட்டால் அந்த இடம் முழுக்கக் காலியாகிவிடும், தாங்கும் வலு மட்டும் அப்படியே இருக்கும்.

முதல் உரிமையாளர் கடற்படை. அது இந்தப் படகை ஒதுக்கித் தள்ளிவிட்டது. 1929-இல் அதை வாங்கியவர்கள் சார்லஸ் லைட்டோலரும் அவர் மனைவி சில்வியாவும்.

லைட்டோலர் 1874-இல் லங்காஷயரின் சோர்லி என்ற ஊரில் பிறந்தவர். 13 வயதில் பாய்க்கப்பல் ஏறினார். இரண்டாவது பயணத்திலேயே, 1889-இல், ஹோல்ட் ஹில் என்ற கப்பல் இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும் ஆளில்லாத செயின்ட் பால் தீவில் மோதி உடைந்தது. மற்றொரு கப்பல் வந்து காப்பாற்றும்வரை அந்தத் தீவில் கிடந்தார். பிறகு கல்கத்தாவில் இறங்கியபோதுதான் துணை அதிகாரிக்கான தேர்வில் தேறினார். நிலக்கரி ஏற்றிய கப்பலில் தீப்பிடித்ததையும் பார்த்தவர். நடுவே கடலை விட்டுவிட்டு 1898-இல் கனடாவின் யூகான் பக்கம் தங்கம் தேடிப் போய், கையில் காசில்லாமல் ஊர் திரும்பினார். 1900-இல், பின்னாளில் டைட்டானிக்கை ஓட்டிய வொய்ட் ஸ்டார் கம்பெனியில் சேர்ந்தார். அவர்களுடைய ஒரு கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போதுதான் சில்வியாவைச் சந்தித்தார். ஊர் திரும்பும் பயணத்தில் அவர் மனைவியாகவே கூட வந்தார்.

டைட்டானிக்கில் அவர் இரண்டாம் அதிகாரி. 1912 ஏப்ரல் 14 இரவு கப்பல் பனிமலையில் மோதிய பிறகு இடப்பக்கப் படகுகளை இறக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பெண்களும் குழந்தைகளும் மட்டும் என்று கண்டிப்பாக நின்றார். அவர் இறக்கிய ஆறாம் எண் படகில் 65 பேர் போகலாம். போனவர்கள் முப்பதுக்கும் குறைவு. முழுப் பாரத்தோடு அத்தனை உயரத்திலிருந்து கயிற்றில் இறக்கினால் படகும் கயிறும் தாங்குமா என்ற பயம் அவருக்கு இருந்தது. பாதி நிரப்பிக் கீழே இறக்கிவிட்டு, கப்பலின் பக்கக் கதவு வழியாக மீதிப் பேரை ஏற்றலாம் என்று நினைத்தார். அது நடக்கவில்லை. அந்த இரவில் சுமார் 1,500 பேர் இறந்தார்கள். படகு எவ்வளவு தாங்கும் என்பதைத் தவறாகக் கணித்ததன் விலை என்ன என்று அவரைப்போல நேரில் கண்டவர்கள் அதிகம் இல்லை.

அதே இரவின் பிற்பகுதியும் முக்கியம். கப்பலோடு கடலுக்குள் இழுக்கப்பட்டு, கீழிருந்து பீறிட்ட காற்று தூக்கியெறிய மேலே வந்த லைட்டோலர், தலைகுப்புறக் கவிழ்ந்து மிதந்த ஒரு மடக்குப் படகைப் பிடித்து ஏறினார். அதன் முதுகில் முப்பது பேர் வரை இருந்தார்கள். அடியில் அடைபட்டிருந்த காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய, படகு தாழ்ந்துகொண்டே வந்தது. விடியும் நேரத்தில் அலை எழும்பத் தொடங்கியது. எல்லோரையும் இரண்டு வரிசையாக எழுந்து நிற்க வைத்து, ஒவ்வொரு அலைக்கும் இடப்பக்கம் சாயுங்கள், வலப்பக்கம் சாயுங்கள், நேராக நில்லுங்கள் என்று குரல் கொடுத்தே அந்தப் படகைக் கவிழாமல் வைத்திருந்தார். வேறு படகுகள் வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளும்வரை இது நடந்தது. மனித உடம்புகளின் எடையை ஒரு படகின் மேல் எப்படிப் பரப்புவது என்ற பாடத்தை அந்த மனிதர் அங்கே கற்றார் என்றே நான் நினைக்கிறேன்.

முதல் உலகப்போரில் சிறு போர்க்கப்பல்களுக்குத் தலைவராக இருந்து விருதுகள் பெற்றார். 1918 ஜூலையில் யூபி-110 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மோதி மூழ்கடித்தார். தண்ணீரில் தத்தளித்த தன் ஆட்களை அப்போது சுட்டார்கள் என்று அந்த நீர்மூழ்கியின் தளபதி பின்னாளில் குற்றம்சாட்டினார். லைட்டோலரைப் பற்றிச் சொல்லும்போது இதை மறைத்துவிட்டுச் சொல்வது சரியில்லை. போர் முடிந்து கம்பெனிக்குத் திரும்பியபோது அவருக்குத் தனிக் கப்பல் கிடைக்கவில்லை. டைட்டானிக்கில் பிழைத்த அதிகாரிகள் எவருக்குமே அந்தக் கம்பெனியில் கேப்டன் பதவி வாய்க்கவில்லை. வேலையை விட்டார். விடுதி நடத்தினார், கோழி வளர்த்தார், நிலம் வீடு வாங்கி விற்றார். அதில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வாங்கியதுதான் இந்தப் பழைய கடற்படைப் படகு.

வாங்கியதும் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். படகை நீட்டி 58 அடி ஆக்கினார்கள். நீராவிக்குப் பதிலாகப் பார்ஸன்ஸ் கம்பெனியின் மோட்டார் எஞ்சின் வைத்தார்கள். உள்ளே படுக்கையறை, சமையலறை, குளியல்தொட்டி, கழிப்பறை. நடுவில் சுக்கான் அறை, மேலே பாய்மரங்கள். பெயர் வைத்தது சில்வியா. ஆஸ்திரேலியப் பேச்சுவழக்கில் ‘சன்டவுனர்’ என்றால் ஊர் ஊராக அலைபவன். பொழுது சாயும் நேரத்தில் ஏதாவதொரு பண்ணை வாசலில் வந்து நின்று இரவுக்கு இடமும் சோறும் கேட்பவன். கடலிலேயே வாழ்நாளைக் கழித்த கணவருக்கும் அவர் படகுக்கும் இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

அடுத்த பத்து ஆண்டுகள் இங்கிலாந்தின் கரையோரமும் ஐரோப்பாவின் கரையோரமும் குடும்பத்தோடு சுற்றினார்கள். ஐந்து பிள்ளைகள். மூத்தவர் ரோஜர் அதே சுக்கானைப் பிடித்துப் பழகினார். இந்தப் பத்து ஆண்டுகளைப் பலரும் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் கதையின் நடுநாயகம். எந்த வேகத்தில் படகு எப்படித் திரும்பும், எவ்வளவு சாய்ந்தால் நிமிரும், பின்னோக்கி ஓட்டினால் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த அலையை முகத்தில் வாங்க வேண்டும் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது. மரப்படகு ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. வைத்திருப்பவர் கைக்கு மட்டும்தான் அது தெரியும்.

1939 ஜூலையில் பிரிட்டிஷ் கடற்படை லைட்டோலரைத் தேடி வந்தது. ஜெர்மன் கடற்கரையை ரகசியமாக நோட்டம் பார்த்து வர வேண்டும். விடுமுறைக்கு வந்த வயதான தம்பதி என்ற தோற்றத்தில் சார்லஸும் சில்வியாவும் சன்டவுனரில் கிளம்பினார்கள். கரையின் அமைப்பைப் பார்த்துக் குறித்துக்கொண்டு திரும்பினார்கள். செப்டம்பரில் போர் வெடித்தது. அடுத்த நாளே, செப்டம்பர் 4 அன்று வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தின் மீது நடந்த விமானத் தாக்குதலில் அவர்களுடைய கடைசி மகன் பிரயன் இறந்தார். பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்தின் விமானி அவர்.

இனி டன்கிர்க். 1940 மே மாதம் ஜெர்மன் படை பிரான்ஸுக்குள் பாய்ந்து, பிரான்ஸையும் இங்கிலாந்தையும் பிரிக்கும் ஆங்கிலக் கால்வாயின் கரையை எட்டியதும், வடக்கே இருந்த பிரிட்டிஷ் படையும் அதோடு இருந்த பிரெஞ்சு, பெல்ஜியப் படைகளும் கடலுக்கும் எதிரிக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. மே 26 முதல் ஜூன் 4 வரை நடந்த மீட்பில் 3,38,226 பேர் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். எல்லோரையும் சிறு படகுகள்தான் கொண்டுவந்தன என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. உண்மையில் பெரும்பாலானவர்கள் துறைமுக அலைதாங்கிச் சுவரிலிருந்து நாசகாரிப் போர்க்கப்பல்களிலும் பயணிக் கப்பல்களிலும் ஏறி வந்தவர்கள். கரை ஆழமில்லாத மணல். பெரிய கப்பல் கிட்டே வர முடியாது. கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களை அள்ளிக்கொண்டுபோய்ப் பெரிய கப்பலில் சேர்ப்பதே சிறு படகுகளின் முக்கிய வேலையாக இருந்தது. சன்டவுனர் போல நேராகத் துறைமுகத்துக்குள் போய், ஆட்களை நிரப்பிக்கொண்டு, கால்வாயைக் கடந்து ஊர்வரை கொண்டுவந்து இறக்கிய படகுகள் குறைவு.

படகுகளைக் கடற்படை வாங்கிக்கொண்டபோது அநேகமாகத் தன் ஆட்களைத்தான் ஓட்ட அனுப்பியது. மே 30 மாலை லைட்டோலருக்கும் தொலைபேசி வந்தது: சன்டவுனரை ராம்ஸ்கேட் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள், அங்கிருந்து கடற்படை மாலுமிகள் ஓட்டிப் போவார்கள். தன் படகு போவதானால் தானும் ரோஜரும்தான் ஓட்டுவோம் என்று அவர் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது 66.

அன்று இரவு முழுக்க லண்டனில் சிஸ்விக் அருகே இருந்த படகுத்துறையில் வேலை நடந்தது. கழற்ற முடிந்த அத்தனையையும் கழற்றிக் கரையில் போட்டார்கள். பாய்மரங்களைக்கூட விடவில்லை. இடம் கிடைக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. வைக்கோலை உயரமாக ஏற்றிய மாட்டுவண்டி சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலே குடைசாயும்; அதே எடைக்கு நெல் மூட்டை ஏற்றிய வண்டி அசைந்துகொண்டே தாண்டிப்போகும். படகிலும் அதே கணக்குத்தான். நெடிய மரம் ஒன்றை மேலிருந்து எடுத்தால், அதன் எடையைவிடப் பல மடங்கு நன்மை நிலைநிற்பில் கிடைக்கிறது.

மே 31 காலை தேம்ஸில் இறங்கி, சவுத்எண்டில் மற்ற படகுகளோடு சேர்ந்து, ராம்ஸ்கேட் போனார்கள். ஜூன் 1 காலை பத்து மணிக்கு அங்கிருந்து புறப்பட்டார்கள். படகில் இருந்தது மூன்றே பேர்: லைட்டோலர், ரோஜர், ஜெரால்ட் ஆஷ்கிராஃப்ட் என்ற 18 வயதுக் கடற்சாரணர். துப்பாக்கியோ வேறு ஆயுதமோ கிடையாது. அது டன்கிர்க் மீட்பின் மிக மோசமான நாள்களில் ஒன்று. கீத், பேசிலிஸ்க், ஹேவன்ட் என்ற மூன்று பிரிட்டிஷ் நாசகாரிகள் அன்று ஒரே நாளில் விமானக் குண்டுக்குப் பலியாயின.

போகும் வழியில் வெஸ்டர்லி என்ற சிறு மோட்டார் படகு எஞ்சின் நின்று தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் இருக்கும் படகு. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். லைட்டோலர் பக்கத்தில் கொண்டுபோய் அணைத்து, அதன் ஆட்கள் இருவரையும், அவர்கள் டன்கிர்க்கில் ஏற்றிவந்த மூன்று கடற்படைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டார். சற்று முன்தான் அந்த நரகத்திலிருந்து தப்பி வந்த ஐவரும் மறுபடி அங்கேயே போக வேண்டியதாயிற்று.

லைட்டோலர் முதலில் மணற்கரைக்குப் போகவே நினைத்திருந்தார். அவருடைய இன்னொரு மகன் ட்ரெவர் அந்தக் கரையில்தான் படையோடு இருந்தார். இரண்டு நாளுக்கு முன்பே அவரை அங்கிருந்து மீட்டுவிட்டார்கள். கரையில் இப்போது ஆட்கள் இல்லை என்று வெஸ்டர்லிக்காரர்கள் சொன்னதும் துறைமுகத்தை நோக்கித் திருப்பினார். உள்ளே போனால் அலைதாங்கிச் சுவர் மிக உயரம். அங்கிருந்து சிறு படகில் நேராக இறங்க முடியாது. வூஸ்டர் என்று அவர் கருதிய நாசகாரிக் கப்பல் ஒன்றின் பக்கத்தில் போய் ஒட்டி நின்று, அதன் தலைவரிடம் நூறு பேரை ஏற்றிக்கொள்வேன் என்றார்.

ஏற்றிய முறையைக் கவனியுங்கள். முதலில் நிரப்பியது கீழ்த்தளத்தை. ரோஜர் உள்ளே நின்று ஒவ்வொருவரையும் அடுக்கினார். எல்லோரும் படுக்க வேண்டும், எழுந்திருக்கவே கூடாது. துப்பாக்கி, மூட்டை எல்லாம் மேலேயே விட்டுவிட வேண்டும். ஐம்பது பேர் போனதும் எப்படி இருக்கிறது என்று மேலிருந்து தந்தை கேட்க, இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று கீழிருந்து மகன் பதில் சொன்னார். எழுபத்தைந்தில்தான் நெருக்கடி என்று ஒப்புக்கொண்டார். குளியல்தொட்டிக்குள் ஒருவர், கழிப்பறை இருக்கையில் ஒருவர். அதன்பிறகே மேல்தட்டில் ஏற்றத் தொடங்கினார்கள். அவர்களும் படுத்தே இருக்க வேண்டும். மேலே ஐம்பது பேர் ஆனபோது படகின் அசைவு மாறியதை லைட்டோலர் காலடியில் உணர்ந்தார். சாய்ந்தால் நிமிரத் தாமதிக்கிறது. அத்தோடு நிறுத்தினார்.

நீங்கள் கேட்ட ‘எப்படி’ என்பதற்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தாலும் 130 பேர் என்பது பத்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. கொதிகலனையே சுமந்து பழகிய உடலுக்கு அந்த எடை மட்டும் பெரிய ஆபத்தில்லை. எடை எந்த உயரத்தில் இருக்கிறது, நகருகிறதா என்பவைதான் ஆபத்து. நிற்கும் மனிதனின் எடை மையம் தொப்புள் உயரத்தில், தட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் மேலே. படுத்தால் அது ஒரு சாண் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. உருண்டு நகரவும் இடமில்லை. 122 போர்வீரர்களைப் படுக்க வைத்ததன் மூலம் ஆட்பாரத்தையே படகின் அடிப்பாரமாக மாற்றினார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கவிழ்ந்த படகின் முதுகில் ஆட்களை நிற்க வைத்துச் சாயச் சொன்னவர், இங்கே படுக்கச் சொன்னார். இரண்டும் ஒரே அறிவு. எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் அதே அறிவுதான். டைட்டானிக்கில் அவருக்குப் பரிச்சயமில்லாத படகுகளை இறக்கினார், தாங்காதோ என்று பயந்து பாதியோடு அனுப்பினார். சன்டவுனர் அவருக்குப் பத்து ஆண்டுப் பழக்கம். அதனால் 21 பேர் போன படகில் 130 வரை போகத் துணிந்தார், 130-இல் நிற்கவும் தெரிந்தது. அன்று ஒரு புது மாலுமி இந்தப் படகை ஓட்டியிருந்தால் ஒன்று முப்பது பேரோடு திரும்பியிருப்பார், இல்லையேல் கவிழ்த்திருப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

திரும்பும் வழியில் விமானங்கள் விடவில்லை. ரோஜர் சுக்கானைப் பிடிக்க, தந்தை மேலே நின்று வானத்தைப் பார்த்து உத்தரவு கொடுத்தார். மேலே படுத்திருந்த வீரர்களே முன்னும் பின்னும் பக்கங்களிலும் ஆளைப் பிரித்துக்கொண்டு விமானம் வருவதைப் பார்த்துச் சொன்னார்கள். பத்து நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) வேகப் படகு விமானத்திடமிருந்து ஓடித் தப்ப முடியாது. ஆனால் சண்டை விமானத்தின் துப்பாக்கி அசையாமல் பொருத்தப்பட்டது. குறிவைக்க விமானமே படகை நோக்கி மூக்கைத் தாழ்த்த வேண்டும். அப்படித் தாழ்த்திவிட்ட பிறகு திசையை மாற்ற நேரமிருக்காது. அந்த நொடிவரை பொறுத்திருந்து சுக்கானை ஒரேயடியாகத் திருப்பினால், குண்டுகள் படகு இருந்திருக்க வேண்டிய தண்ணீரில் போய் விழும். இந்த நுணுக்கங்களை அவருக்குச் சொல்லித்தந்தவர் பிரயன், போரின் தொடக்கத்திலேயே இறந்துபோன அதே மகன். ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லாமல் கடந்து வந்ததற்குப் பெரும்பங்கு தன் கடைசி மகன் தெரியாமல் செய்த உதவிக்கே என்று லைட்டோலர் எழுதினார். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும் இடம் இது.

விமானத்தைப்போலவே பயமுறுத்தியவை சொந்தத் தரப்பான பிரிட்டிஷ் கப்பல்கள். முழு வேகத்தில் போகும் நாசகாரி கிளப்பும் அலை பக்கவாட்டில் அடித்தால் அந்தப் பாரத்தோடு சன்டவுனர் மீளாது. ஒவ்வொரு முறையும் எஞ்சினைத் தணித்து, ஓட்டத்தை நிறுத்தி, அலையை நேர்முகத்தில் வாங்கி, மறுபடி கிளம்பினார். சன்னல்கள் அடைத்த கீழ்த்தளத்தில் மூச்சுவிட இடமில்லாமல் கிடந்தவர்கள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வாந்தியெடுத்தார்கள்.

ராம்ஸ்கேட் வந்ததும் வெளியே நில்லுங்கள் என்றார்கள். 130 பேர் இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகே உள்ளே விட்டார்கள்; கரையிலிருந்தவர்கள் அதை நம்பியிருக்க மாட்டார்கள் என்பது லைட்டோலரின் கருத்து. ஊரைக் கண்ட மகிழ்ச்சியில் வீரர்கள் எழுந்து நிற்கத் தொடங்க, படகு பயங்கரமாகச் சாய்ந்தது. கால்வாய் முழுக்கக் குண்டுகளுக்குத் தப்பி வந்த படகு கரைக்கு வந்த பிறகு கவிழ இருந்தது. அதட்டிப் படுக்க வைத்தார். ஒரு மீன்பிடிக் கப்பலோடு அணைத்து நிறுத்தி, மேல்தட்டில் இருந்தவர்களை முதலில் இறக்கினார். அவ்வளவுதான் ஆட்கள் என்று கரையில் நினைத்திருக்க, கீழே இருப்பவர்கள் வரலாம் என்று குரல் கொடுத்தார். முன்வாசல், பின்வாசல், சுக்கான் அறையின் இரு கதவுகள் என்று எல்லா வழியாகவும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கைகொடுத்து இறக்கிய ஒரு கடற்படைக்காரர், இத்தனை பேரையும் எங்கே வைத்திருந்தீர்கள் என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

பின்னாளைய உரிமையாளர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போர் முடியும்வரை லைட்டோலர் சிறு படகுகளில் கடற்படைக்காக வேலை செய்தார். 1945 மார்ச்சில், போர் முடிய இரண்டே மாதம் இருக்கையில், பிரான்ஸின் கிரான்வில் துறைமுகத்தை ஜெர்மானியர்கள் திடீரெனத் தாக்கியபோது ரோஜர் கொல்லப்பட்டார். அவர் அப்போது கடற்படையில் இருந்தார். ஐந்து பிள்ளைகளில் இருவரைப் போர் எடுத்துக்கொண்டது. சுக்கான் அறையில் அன்று நின்றவரும், அங்கே இல்லாமலே வழிகாட்டியவரும்.

போருக்குப் பின் லைட்டோலர் தேம்ஸ் கரையில் ஒரு சிறு படகுப் பட்டறை நடத்தினார். லண்டன் ஆற்றுக் காவல்துறைக்கு மோட்டார் படகுகள் கட்டிக் கொடுத்தார்கள். சன்டவுனரைக் குடும்பம் கைவிடவில்லை. 1952 டிசம்பர் 8 அன்று, லண்டனை நச்சுப்புகை மூடியிருந்த நாள்களில், லைட்டோலர் இறந்தார். அதன்பின் படகு சில்வியாவின் பொறுப்பில் இருந்தது. பிற்காலத்தில் ஈஸ்ட் கென்ட் மாரிடைம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் வழியாக ராம்ஸ்கேட் கடல்சார் அருங்காட்சியகத்தின் பாதுகாப்புக்கு வந்தது.

டன்கிர்க் போன படகுகளுக்கென்று 1960-களில் ஒரு சங்கம் உருவானது. 1965-இல் பழைய படகுகள் பல ஒன்றுகூடி மறுபடி டன்கிர்க்குக்குப் போய்வந்ததில் பிறந்த சங்கம் அது. வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவையும் நடுவில் டன்கிர்க் நகரின் சின்னமும் கொண்ட கொடியைப் பறக்கவிடும் உரிமை அந்தப் படகுகளுக்கு மட்டும் உண்டு.

பழைய மரப்படகை வைத்துக் காப்பது இரும்புக் கப்பலைக் காப்பதைவிடத் தொல்லை. தண்ணீரில் விட்டால் புழு அரிக்கும், மழைநீர் தேங்கினால் மேல்பலகை உளுக்கும். கரையேற்றினால் பலகை காய்ந்து சுருங்கி இடைவெளி திறக்கும். இடைவெளிகளில் நார் அடைத்துக் கலப்பத்து அடிக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. சன்டவுனருக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அதைப் பார்க்க வேண்டுமானால் கென்ட் மாவட்டத்துக்குப் போங்கள்; அது இருப்பது ராம்ஸ்கேட்டில், அந்த 130 பேர் இறங்கிய அதே துறைமுகத்தில்.